பாட்டு நீக்கிய வீடியோ

தாலி கட்டும் நேரம். மண்டபத்தில் எல்லோரும் அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டு மேடையைப் பார்த்து நின்றார்கள். திலகவதி அக்கா மட்டும் முன்வரிசை நாற்காலிக்குக் கீழே குந்தி உட்கார்ந்து, முன்பின் தெரியாத ஒரு பெரியவரின் செருப்பைக் கழற்றி, கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தார். விரலை எடுத்த இடத்தில் குழி விழுந்தது. அது மேலே எழும்புகிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்த்தார். கெட்டிமேளம் அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

"தண்ணி கோத்திருக்கு லா. யாரு இவரப் பாத்துக்கிறது? நீங்களா? உப்பக் கொறைங்க. காலத் தொங்கப் போட்டு ஒக்கார வைக்காதீங்க."

பக்கத்தில் நின்ற மருமகள் அட்சதையைத் தூவ மறந்து தலையாட்டினாள். "சிஸ்டர் எந்த ஹாஸ்பிட்டல்?" என்று கேட்டாள்.

"புக்கிட் காத்தில்," என்றார் அக்கா.

புக்கிட் காத்திலில் அவர் வேலை செய்வது ஒரு முதியோர் காப்பகத்தில். இரண்டு இணைவீடுகளின் நடுச்சுவரை இடித்து ஒன்றாக்கிய இடம். ஹாலில் கட்டில்கள், போர்ட்டிக்கோவில் சக்கர நாற்காலிகள், பின்பக்கம் சமையலறை. ஆஸ்பத்திரி என்று யாராவது நினைத்தால் அதற்கு அக்கா பொறுப்பில்லை. "ஊரத்தானே சொன்னேன். பொய்யா சொன்னேன்?" என்று காரில் வரும்போது என்னிடம் கேட்டார். கேட்டுவிட்டு அவரே சிரித்துக்கொண்டார்.

என் பெரியப்பா அந்தக் காப்பகத்தில் இருக்கிறார். குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்த பிறகு அங்கே சேர்த்தோம். ஞாயிறுதோறும் நாளிதழும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு போவேன். பிஸ்கட்டை அக்கா முதலில் வாங்கிச் சர்க்கரை எவ்வளவு என்று பார்ப்பார். பிறகுதான் அது பெரியப்பாவுக்குப் போகும். சில சமயம் போகவே போகாது.

அக்காவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. கட்டை உருவம், அகலமான தோள். வெளிர்நீலச் சட்டையும் கால்சட்டையும் போட்டு, நெஞ்சில் தலைகீழாகத் தொங்கும் ஒரு சிறிய கடிகாரம் குத்தியிருப்பார். அந்தச் சீருடையைக் காப்பகம் கொடுக்கவில்லை. மலாக்கா டவுனில் தாதிமார் உடுப்பு விற்கும் கடையில் அவரே வாங்கியது. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் அவரை சிஸ்டர் என்றே கூப்பிடுவார்கள். அவரும் ஒருமுறைகூடத் திருத்தியதில்லை.

திட்டுவதில் அவருக்கு இணை கிடையாது. கஞ்சி குடிக்காவிட்டால் திட்டு, குடித்துவிட்டுத் துப்பினால் திட்டு, மகள் வரவில்லை என்று அழுதால் அதற்கும் ஒரு திட்டு. "அழுதா வந்துருவாளா? வாயத் தொற." திட்டிக்கொண்டே துடைப்பார், திட்டிக்கொண்டே நகம் வெட்டுவார். நியாயத்தையும் சொல்ல வேண்டும். அவர் பொறுப்பில் இருந்த கட்டில்களில் யாருக்கும் முதுகில் புண் வந்ததில்லை. "எங்கிட்ட இருக்கிற ஆளுக்கு ஒரு புண்ணு காட்டுங்க பாப்போம்," என்று வருகிறவர்களிடம் சவால் விடுவார். என் பெரியப்பா அவரைக் கண்டு பயப்படுகிறார். அக்கா விடுப்பு எடுத்த நாளில் வாசலையே பார்த்துக்கொண்டும் இருக்கிறார்.

அக்கா டுரியான் துங்கால் ஊருக்குப் பக்கத்தில் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். படிப்பு இடைநிலைப் பள்ளியோடு நின்றது. மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போனது, அக்கா காப்பகத்துக்குத் தரை துடைக்க வந்தார். ஒருநாள் பராமரிக்கும் பெண் வேலைக்கு வரவில்லை. உரிமையாளர் சுசீலா மேடம் துடைப்பத்தை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "வா, நான் காட்றேன்" என்று ஒரு கிழவரின் கட்டிலுக்கு அழைத்துப் போனார். எதிரே நின்று, இரண்டு கைகளையும் அந்தக் கிழவரின் அக்குளுக்குள் கொடுத்து, ஒன் டூ த்ரீ சொல்லி ஒரே தூக்காகத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தார். அக்கா அதற்குக் கக்கத்துப் பிடி என்று பெயர் வைத்துக்கொண்டார். அன்று படித்த பாடம் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் பார்த்துப் பார்த்து வந்தது. பின்னால் வேலைக்கு வந்த பெண்களுக்கெல்லாம் அந்தப் பிடியைச் சொல்லிக்கொடுத்தவர் அக்காதான்.

சென்ற ஆண்டு சுசீலா மேடம் எல்லோரையும் கூப்பிட்டு ஒரு சேதி சொன்னார். இனிமேல் சான்றிதழ் இல்லாதவர்கள் நோயாளிகளைத் தொடக் கூடாது, மேலிடத்திலிருந்து சோதனைக்கு வருவார்கள். சிஜில் என்கிற அந்தச் சான்றிதழை எடுங்கள், இல்லாவிட்டால் சமையலறைக்கோ துணி துவைக்கவோ போங்கள். சொல்லும்போது அவர் அக்காவைப் பார்க்கவில்லை. ஹாலில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள்.

"திரும்ப மொப்பு புடிக்கவா தம்பி இத்தன வருசம் பீ மூத்திரம் அள்ளினேன்?" அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா என்னிடம் கேட்டார். சிரிக்காமல் அவர் பேசி நான் கேட்டது அதுவே முதல் தடவை.

வழி ஒன்று இருந்தது. வேலையிடத்தில் கற்றதையே படிப்பாக ஏற்றுக்கொண்டு சான்றிதழ் தரும் திட்டம். வகுப்பு கிடையாது, எழுத்துப் பரீட்சை கிடையாது. செய்கிற வேலையைப் படமும் வீடியோவுமாக எடுத்து, ஒவ்வொன்றின் கீழும் என்ன செய்கிறோம் என்று எழுதி, இணையத்தில் ஒரு தொகுப்பாக ஏற்ற வேண்டும். அதைப் பார்த்துவிட்டு ஒரு மதிப்பீட்டாளர் நேரில் வருவார். "போர்ட்ஃபோலியோ" என்று அதற்குப் பெயர். அக்கா வாயில் அது 'ஃபோலியோ' ஆகிவிட்டது.

"நீங்க பேப்பர்ல எழுதுறவங்கதானே. எனக்கு மலாய்ல எழுதிக் குடுங்க," என்றார். கேட்கவில்லை, சொன்னார். அடுத்த ஞாயிறிலிருந்து லாப்டாப்பையும் தூக்கிக்கொண்டு போனேன்.

முதலில் அவர் கணவரைத்தான் நோயாளி ஆக்கினார். காந்தன் லோரி ஓட்டுகிறவர். கைலியோடு கட்டிலில் படுக்கவைத்து, அசையாமல் கிட, ஒரு பக்கம் விளங்காது என்று நினைத்துக்கொள் என்று சொல்லியிருக்கிறார். மனிதர் அலறி எழுந்துவிட்டார். "நல்லா இருக்கிறவன படுக்கவச்சு பக்கவாதம்னு சொல்றியே, அப்படியே ஆயிட்டா?" பூசைத்தட்டிலிருந்து திருநீறு எடுத்துப் பூசிய பிறகுதான் மறுபடியும் படுத்தாராம். அந்த வீடியோவை நான் பார்த்தேன். பக்கவாத நோயாளி நெற்றி நிறையத் திருநீறோடு கிடக்கிறார். இடுப்பைத் துடைக்கும்போது கூச்சம் தாங்காமல் நெளிந்து சிரிக்கிறார். அக்கா பளாரென்று தொடையில் ஒன்று வைக்கிறார்.

தொகுப்பை ஏற்ற உதவும் மையத்திலிருந்து பதில் வந்தது. நடித்துக்காட்டுவது செல்லாது. வேலையிடம் வேண்டும், உண்மையான நோயாளி வேண்டும், குடும்பத்தாரின் சம்மதம் வேண்டும்.

அக்கா தேர்ந்தெடுத்தது அன்னபாக்கியம் டீச்சரை. டவுனில் பெரிய பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர், யாழ்ப்பாண வம்சம். பக்கவாதத்தில் இடப்பக்கம் விழுந்து, பேச்சும் போய்விட்டது. புத்தி போகவில்லை. வலது கையால் நாளிதழைப் பிடித்து முழுவதும் படிப்பார். ஆம் என்றால் கண்ணை மூடித் திறப்பார், இல்லை என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகனிடம் அக்கா வாட்சாப்பில் கேட்டார். "ஓகே ஆன்ட்டி, நோ ப்ரோப்ளம்" என்று உடனே பதில் வந்தது. டீச்சரைக் கேட்டார்களா என்றால், இல்லை. அவரைக் கேட்க வேண்டும் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

படுக்கை விரிப்பை மாற்றுவது, வாய் சுத்தம் செய்வது, ஊட்டுவது, ஒருக்களித்துப் படுக்கவைப்பது என்று வரிசையாக எடுத்தார்கள். அக்காவுக்கு எல்லாவற்றிலும் பிடித்தது டீச்சரைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றும் வீடியோ. கக்கத்துப் பிடி போட்டு ஒரே தூக்கு. தன்னந்தனியாக. அதைத்தான் தொகுப்பின் முதல் வீடியோவாக வைக்கச் சொன்னார். "பாத்தோன்ன அசந்து போவணும் லா," என்றார். கீழே என்ன எழுதட்டும் என்று கேட்டேன். "பத்திரமா தூக்கறேன், அவங்களும் ஒத்துழைப்பு குடுக்கறாங்கன்னு போடுங்க." போட்டேன்.

வெறும் வீடியோ அவருக்குப் போதவில்லை. கைப்பேசியில் ஒரு செயலி இருந்தது. அதில் வீடியோவைப் போட்டு, நாலு மூலையிலும் ரோஜாப்பூ வைத்து, தொடக்கத்தில் பிள்ளையார் படம் வைத்து, நாதஸ்வர இசையைச் சேர்த்தார். தூக்குகிற நேரத்தில் தவில் உச்சத்துக்குப் போகும்படி பொருத்தியிருந்தார். மதிப்பீட்டுக்கு இதெல்லாம் வேண்டாம் அக்கா என்று சொல்லிப்பார்த்தேன். "மொட்டையா அனுப்புனா மதிப்பாங்களா?" என்று வாயை அடைத்துவிட்டார்.

அந்த வீடியோ பிறகு ஊர் சுற்றியது. குடும்பக் குழு, கோயில் குழு, பழைய தொழிற்சாலைத் தோழிகளின் குழு, மஸ்ஜித் தானா ஊரில் இருக்கும் நாத்தனார் வீட்டுக் குழு என்று எல்லாவற்றிலும் போட்டார். கைகூப்பும் படங்களும் இதயங்களும் குவிந்தன. 'தெய்வம் லா நீங்க' என்று ஒருவர் எழுதினார். 'பெத்த பிள்ளைகூட இப்படிப் பாக்காது' என்று இன்னொருவர். அக்கா அதையெல்லாம் எனக்கு வாசித்துக் காட்டினார். நானும் அந்த வீடியோவைப் பலமுறை பார்த்தேன். அக்காவின் தோள், ஊன்றிய கால், இஸ்திரி போட்ட சட்டை எல்லாம் கண்ணில் பட்டன.

மதிப்பீட்டாளர் ஒரு வியாழக்கிழமை வந்தார். பெயர் ஜனகா. அரசாங்க மருத்துவமனையில் வார்டு சிஸ்டராக இருந்து ஓய்வுபெற்றவர். நரைத்த கிராப்பு, பருத்திச் சேலை, கழுத்தில் மூக்குக்கண்ணாடிச் சங்கிலி. நிஜமான சிஸ்டர். அன்றைக்கு அக்கா நெஞ்சில் கடிகாரம் குத்தவில்லை. அதை நான் கவனித்தேன். கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ஆபீஸ் அறையில் உட்கார்ந்தோம். லாப்டாப் என்னுடையது என்பதால் எனக்கும் ஒரு நாற்காலி கிடைத்தது. சுசீலா மேடம் கோப்பி கொண்டுவரச் சொல்லிவிட்டு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தார். அக்கா உட்காரவில்லை. உட்காரச் சொல்லியும் நின்றார்.

ஜனகா அம்மையார் முதலில் கட்டில்களைச் சுற்றி வந்து, முதுகுகளையும் குதிகால்களையும் பார்த்திருந்தார். "நல்ல வடிவாப் பாத்திருக்கிறியள். ஸ்கின் கேர் வெரி குட்," என்றார். அக்காவின் முகம் மலர்ந்தது. வாய் சுத்தம், ஊட்டுவது, ஒருக்களிப்பது எல்லாவற்றுக்கும் குறி போட்டுக்கொண்டே வந்தார். பிறகுதான் முதல் வீடியோவைத் திறந்தார். நாதஸ்வரம் அறை முழுவதும் கேட்டது. மேடம் புன்னகைத்தார். ஜனகா அம்மையார் புன்னகைக்கவில்லை. பாதியில் நிறுத்தினார்.

"இந்தப் பாட்டு இல்லாம ஒரிஜினல் இருக்கா?"

"இருக்கு, இருக்கு," என்று அக்கா ஆர்வமாகக் கைப்பேசியை எடுத்தார். பூ இல்லாமல், பிள்ளையார் இல்லாமல் எடுத்ததை அழிக்காமல் வைத்திருந்தார். ஒலியைக் கூட்டி மேசைமேல் வைத்தார்.

கட்டில் கிரீச்சிடும் சத்தம் கேட்டது. அக்காவின் செருப்புச் சத்தம். ஒன், டூ, த்ரீ. தவில் உச்சத்துக்குப் போயிருந்த அந்த இடத்தில், பேச்சிழந்த தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. நான் அதை எழுத்தில் எழுத விரும்பவில்லை. உடனே அதன்மேல் அக்காவின் குரல், தெளிவாக, எரிச்சலாக:

"போதும் டீச்சர் நாடகம். தெனமும் இதே நாடகம். கெளம்புங்க."

ஜனகா அம்மையார் வீடியோவைப் பின்னுக்கு நகர்த்தி, டீச்சர் தூக்கப்படும் நொடியில் நிறுத்தி, கைப்பேசியை அக்காவின் பக்கம் திருப்பினார்.

"இவவின்ட முகத்தைப் பாருங்கோ. என்ன தெரியுது?"

அக்கா குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன். பூவும் நாதஸ்வரமும் இருந்தபோது நாங்கள் யாருமே பார்க்காத முகம் அது. வாய் கோணித் திறந்திருந்தது, கண் இறுக மூடியிருந்தது.

"பக்கவாதம் வந்த பக்கம் தோள் மூட்டைப் பிடிச்சு வைக்கச் சதைக்குப் பலம் இராது. நீங்கள் கக்கத்தால தூக்கேக்க முழுப் பாரமும் அந்த மூட்டிலதான் தொங்குது. மூட்டு இறங்கிப்போயிருக்கு. வரும்போது தொட்டுப் பார்த்தனான்," என்றார் ஜனகா அம்மையார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அக்காவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "இடுப்பில பெல்ட் கட்டி, ரெண்டு பேராத் தூக்கோணும். இல்லாட்டி ஷீட் போட்டு நகர்த்தோணும். பெல்ட் எங்கே?"

கேள்வி மேடத்துக்கு. மேடம் கோப்பியைக் கீழே வைத்தார். "ஓர்டர் போட்டிருக்கோம். நான் எத்தன வாட்டி சொல்லியிருக்கேன், இப்படித் தூக்காதே திலகான்னு. கேக்க மாட்டேங்குது."

பொய். பச்சைப் பொய். அந்த வீட்டில் பெல்ட் என்ற பேச்சே எழுந்ததில்லை. அக்காவுக்கு முதன்முதலில் அந்தப் பிடியைக் காட்டியவர் இந்த மேடம். எனக்குக் கோபம் வந்தது. ஊரையே திட்டும் அக்கா இப்போது வாயைத் திறப்பார் என்று அவரைப் பார்த்தேன். திறக்கவில்லை. மேடம் சொன்னது அவர் காதில் ஏறினதாகவே தெரியவில்லை. கைப்பேசித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் நின்றார்.

முடிவு: மற்ற எல்லாப் பகுதியிலும் தேர்ச்சி, தூக்கி மாற்றுவதில் இல்லை. ஒன்றில் இல்லாவிட்டால் சான்றிதழ் இல்லை. பயிற்சி எடுத்து மறுபடி அனுப்பலாம். "சரியான முறையைப் பழகினாப் போதும். உங்களுக்குக் கஷ்டமில்லை," என்று சொல்லி, ஜனகா அம்மையார் அக்காவின் கையைத் தொட்டுவிட்டுப் போனார். நல்ல மனுஷிதான். அன்று அவரைப் பிடிக்கவில்லை எனக்கு.

மறுநாளே அக்கா சமையலறைக்கு மாற்றப்பட்டார். சிஜில் வருகிறவரை என்றார் மேடம். கல்லூரியில் படித்துச் சான்றிதழோடு வந்த நளினி என்ற பெண் ஹாலுக்கு வந்தாள். காப்பகத்தின் முகப்பில் 'தகுதி பெற்ற பராமரிப்பாளர்கள்' என்று புதுப் பலகை மாட்டினார்கள். அந்தக் கக்கத்துப் பிடியை முதன்முதலில் சொல்லிக்கொடுத்த மேடத்தை மதிப்பிட எந்த மதிப்பீட்டாளரும் வரவில்லை. அவர் நாற்காலி அவருக்கே இருந்தது.

அந்த வாரம் அக்கா எல்லோரையும் ஏசினார். கீரை நறுக்கிக்கொண்டே ஏசினார். "அந்தம்மாவும் யாழ்ப்பாணம், டீச்சரும் யாழ்ப்பாணம். அவங்க ஆளுன்னா விட்டுக் குடுப்பாங்களா? தோட்டத்துக்காரின்னா தூக்கிப் போட்டு மிதிப்பாங்க." நளினியை ஏசினார். "அது காலேஜ்ல பொம்மையத் தூக்கிப் படிச்சது லா. பொம்ம கத்துமா?" சொல்லிவிட்டுக் கத்தியை நிறுத்தினார். பிறகு கீரையை அள்ளிச் சட்டியில் போட்டார்.

கணவர் காந்தனை வாசலில் பார்த்தபோது அவர் தனியாக அழைத்துச் சொன்னார். "தம்பி, இவ வீட்டுல பெட்சீட்ட முறுக்கி என் இடுப்புல கட்டி இழுத்துப் பழகறா. கேட்டா பேச மாட்டேங்குறா. சும்மா கெடக்கையில அந்த வீடியோவ வச்சுக் காதுகிட்ட கேக்கறா. பாட்டு உள்ளது இல்ல, மத்தது." இந்த முறை படுக்கச் சொன்னபோது அவர் திருநீறு கேட்கவில்லையாம்.

அக்கா குழுக்களிலெல்லாம் ஒரு செய்தி போட்டார். நான் அனுப்புன டீச்சர் வீடியோவ எல்லாரும் அழிச்சிருங்க, யாருக்கும் அனுப்பாதீங்க. காரணம் எழுதவில்லை. எழுதாத காரணத்தை எல்லோரும் ஒரே மாதிரி ஊகித்தார்கள். 'கண்ணு பட்டிருச்சா அக்கா? சுத்திப் போடுங்க' என்று நாத்தனார் எழுதினார். கோயில் குழுவில் ஒருவர், பார்க்காதவர்கள் பார்க்கட்டும் என்று, 'சேவைன்னா இதுதான்' என்ற தலைப்போடு அதை மறுபடியும் போட்டார். நாதஸ்வரத்தோடு.

"எத்தன பேருக்கு அனுப்பினேன் தம்பி," என்றார் அக்கா. பின்பக்கத்தில் வாழைமரத்தடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். "ஒருத்தர்கூட டீச்சர் மூஞ்சியப் பாக்கல. நானும் பாக்கல. நான் என் சட்ட மடிப்பு கலையாம இருக்கான்னு பாத்துக்கிட்டு இருந்திருக்கேன்."

"மேடம்தானே அக்கா அப்படிச் சொல்லிக்கொடுத்தாங்க," என்றேன். ஆறுதலுக்குச் சொல்லவில்லை. எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

"தூக்கச் சொல்லிக் குடுத்தது அவங்க. சரி லா. நாடகம்னு சொன்னது நான்தானே? அத யாரும் எனக்குச் சொல்லிக் குடுக்கல." சட்டியைக் கவிழ்த்துவைத்தார். "வாய் பேச வராத ஆளு. அது ஒண்ணுதான் அவங்களால சொல்ல முடிஞ்சுச்சு. தெனமும் சொல்லியிருக்காங்க."

திரும்பத் தொகுப்பை அனுப்ப உதவுகிறேன், பயிற்சிக்கும் பேர் கொடுப்போம் என்று சொன்னேன். அக்கா சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, "அந்தக் கீழ எழுதினது இன்னும் இருக்கா, ஒத்துழைப்பு குடுக்கறாங்கன்னு?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். "மொதல்ல அத எடுங்க," என்றார். அங்கேயே நின்று எடுத்தேன்.

சென்ற ஞாயிறு பெரியப்பாவுக்கு நாளிதழ் வாசித்துக்கொண்டிருந்தேன். அடுத்த கட்டில் அன்னபாக்கியம் டீச்சருடையது. பசியாறும் நேரம். நளினி அவரை நாற்காலிக்கு மாற்ற வேண்டும். ஓர்டர் போட்ட பெல்ட் இன்னும் வரவில்லை, உடன் பிடிக்க வேண்டிய பெண்ணும் அன்று வரவில்லை. நளினி சமையலறைப் பக்கம் எட்டிப்பார்த்து, "அக்கா, கொஞ்சம் ஒரு கை குடுக்கறீங்களா? மேடம் இல்ல," என்றாள்.

அக்கா ஏப்ரனைக் கழற்றிவிட்டு வந்தார். வந்த வேகத்தில் தெரிந்தது, இந்த அழைப்புக்காக அவர் காத்திருந்திருக்கிறார். கட்டில் விரிப்பை நீளவாக்கில் மடித்து, டீச்சரின் இடுப்புக்குக் கீழே எப்படிக் கொடுக்க வேண்டும் என்று நளினிக்குக் கண்ணாலேயே காட்டினார். ஒருமுறைகூட அதட்டவில்லை. விளங்காத கையைத் தலையணைமேல் எடுத்துவைக்கச் சொன்னார். எல்லாம் சரியாக இருந்தது. காந்தனின் இடுப்பில் பழகியது அத்தனையும் கையில் இருந்தது.

"டீச்சர், இப்ப வலிக்காது," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு விரிப்பின் முனையைப் பிடித்தார்.

டீச்சர் அக்காவை நிமிர்ந்து பார்த்தார். நளினியைப் பார்க்கவில்லை. அவருடைய வலது கை மெல்ல எழுந்து, நெஞ்சைக் கடந்து போய், இடது தோளைக் கெட்டியாகப் பற்றிக்கொண்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டார். அக்கா இன்னும் அவரைத் தொடவே இல்லை.

"அக்கா, தூக்கலாமா?" என்றாள் நளினி.

அக்கா விரிப்பின் முனையை விட்டுவிட்டார். ஓர் அடி பின்னால் நகர்ந்து, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, டீச்சர் கண்ணைத் திறக்கும்வரை நின்றார்.